கொள்ளுத்தாத்தா பேப்பர் படித்தா பேரேடு எழுதினார்?

காரைக்குடிக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து பி.காம். மூன்றாம் ஆண்டு மாணவி ஒருவர் நான்கு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். பெயர், ஊர், கல்லூரி எதுவும் வெளியே வரக்கூடாது என்று கேட்டுக்கொண்டதால் சாரத்தை மட்டும் தருகிறேன்.

பள்ளிப் படிப்பு தமிழ் வழியில். இந்த செமஸ்டரில் ஆடிட்டிங் பாடம். முதல் நாளே ஆசிரியை இரண்டு விஷயங்களைக் கறாராகச் சொல்லிவிட்டார். நடத்தப்போகும் அத்தியாயத்தை முன்கூட்டியே படித்துவிட்டுத்தான் வகுப்புக்கு வர வேண்டும். ஒவ்வொன்றும் 20, 25 பக்கம். அதோடு வாரம் ஒரு வணிகச் செய்தியைப் படித்து, அதற்கும் ஆடிட்டிங்குக்கும் என்ன சம்பந்தம் என்று அரைப்பக்கம் எழுதித் தர வேண்டும். இன்டர்னல் 25 மதிப்பெண்ணில் 10 இதற்குத்தான். நம் மாணவிக்கு ஆங்கிலப் பேப்பரில் ஒரு செய்தியை முடிக்கவே ஒரு மணி நேரம் ஆகிறது. முதல் வாரம் போனில் ஏஐ-யிடம் கேட்டு வாங்கிய அரைப்பக்கத்தைக் கொடுத்திருக்கிறார். அதிலிருந்தே ஆசிரியை ஒரு கேள்வி கேட்க, பதில் வரவில்லை. பூஜ்யம் போட்டுவிட்டார்.

"சிலபஸில் இல்லாததைப் படிக்கச் சொல்ல மேடத்துக்கு உரிமை இருக்கிறதா? துறைத்தலைவரிடம் புகார் கொடுக்கலாமா, இல்லை வேறு பாடத்துக்கு மாறிவிடலாமா? ஷேர் டிப்ஸ் சேனல் தினமும் பார்க்கிறேன், அது போதாதா? எனக்கு சி.ஏ. படிக்க ஆசை. அதற்கு இன்ஸ்டிட்யூட் தரும் பாடப்புத்தகமான மாட்யூல் போதும், நியூஸ் தேவையில்லை என்று தெரிந்த அண்ணன் ஒருவர் சொல்கிறார். சனிக்கிழமைகளில் ஓர் ஆடிட்டர் ஆபீஸில் டேலி என்ட்ரி போடுகிறேன். அங்கே ஒரு கிளையண்ட்டின் ஸ்டாக்கில் பார்த்த குளறுபடியையே செய்தியாக எழுதிக் கொடுக்கலாமா?" இவை கேள்விகள். கடைசியில் ஒரு வரி: "என் கொள்ளுத்தாத்தா ரங்கூன் பக்கம் ஒரு வட்டிக்கடையில் அடுத்தாளாக (மேலாளுக்கு உதவியாளாக) இருந்தவர். அவர் கைப்பட எழுதிய பேரேடு ஒன்று பரணில் இருக்கிறது. அவர் என்ன, பேப்பர் படித்தா பேரேடு எழுதினார்?"

அன்புள்ள மாணவிக்கு,

உங்கள் கடைசி வரியிலிருந்தே தொடங்குகிறேன். மற்ற கேள்விகளுக்கும் பதில் அதற்குள்தான் இருக்கிறது.

உங்கள் கொள்ளுத்தாத்தா நாளிதழ் படித்தாரோ என்னவோ, வெளியுலகச் செய்தி இல்லாமல் அந்தக் கடையில் ஒரு நாள்கூட வேலை நடந்திருக்காது. ரங்கூனில் நகரத்தார், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள், மாதந்தோறும் கூடி நடப்பு வட்டியை நிர்ணயம் செய்தார்கள். நெல் என்ன விலை, அறுவடை எப்படி, யார் கை மாறிக் கடன் வாங்குகிறார் என்பதெல்லாம் ஊருக்குக் கடிதமாகப் போய்க்கொண்டே இருக்கும். கடையை நடத்தும் மேலாள் ஊரிலிருந்து மூன்று வருஷத் தவணைக்குப் போவார். அவர் திரும்பியதும் அடுத்து வருகிறவர் ஒவ்வொரு கடனையும் புதுக்கண்ணோடு பார்த்துத்தான் பொறுப்பேற்பார். கம்பெனிகள் சட்டம் 2013-ன் 139-வது பிரிவில், பட்டியலிடப்பட்ட கம்பெனிக்குத் தனி ஆடிட்டர் என்றால் ஐந்து ஆண்டு, நிறுவனம் என்றால் பத்து ஆண்டு, அதற்குமேல் தொடரக் கூடாது என்று படிக்கப்போகிறீர்களே, அதே எண்ணம்தான் இது.

பிறகு 1930 வந்தது. உலகச் சந்தை சரிந்து, பர்மாவில் நெல் விலை விழுந்தது. கடன் வாங்கிய விவசாயியால் வட்டியும் கட்ட முடியவில்லை, அசலும் கட்ட முடியவில்லை. ரொக்கமாகத் திரும்ப வேண்டிய கடன், நிலமாக வந்து சேர்ந்தது. 1938 வாக்கில் கீழ் பர்மாவின் விளைநிலத்தில் ஏறத்தாழ கால் பங்கு செட்டியார்கள் கையில் இருந்தது. யாரும் ஆசைப்பட்டு வாங்கிய நிலமில்லை அது. அந்தக் காலத்துப் பேரேட்டைப் பிரித்தால் பற்றும் வரவும் காலணா பிசகாமல் இருக்கும். கூட்டல் சரி, வட்டி சரி, ஐந்தொகையும் (இருப்புநிலைக் குறிப்பும்) நேராகும். ஆனால் அந்தக் கடன்கள் எழுதிய தொகைக்குப் பெறுமா என்பதை அந்தப் பேரேடு சொல்லாது. நெல் விலைதான் சொல்லும்.

இதைத்தான் உங்கள் ஆசிரியை அரைப்பக்கத்தில் எதிர்பார்க்கிறார் என்று நினைக்கிறேன்.

ஒரு பஞ்சுக் கிடங்கு

நான் சி.ஏ. படிப்பின் அலுவலகப் பயிற்சியான ஆர்ட்டிகிள்ஷிப் சேர்ந்த முதல் வருஷம், ஒரு நூற்பாலைக்கு மார்ச் 31 ஸ்டாக் எடுக்க அனுப்பினார்கள். கிடங்கில் பேல் பேலாக எண்ணினேன். லாட் நம்பர் பார்த்தேன், எடைச் சீட்டைப் பார்த்தேன், வாங்கிய பில்லோடு ஒப்பிட்டேன். வித்தியாசமே இல்லை. நிமிர்ந்த நெஞ்சோடு ஒர்க்கிங் பேப்பரை நீட்டினேன். சீனியர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "இன்னைக்கு கேண்டி என்ன விலைப்பா?"

எனக்குத் தெரியவில்லை. பஞ்சைக் கேண்டிக் கணக்கில் விற்பார்கள், ஒரு கேண்டி 356 கிலோ என்பதே அன்றைக்குத்தான் தெரியும். அந்த இரண்டு மாதத்தில் பஞ்சு விலையும் நூல் விலையும் சேர்ந்தே இறங்கியிருந்தன. ஆலை வாசல் டீக்கடையில் நாள் முழுக்க அதே பேச்சுதான். நான் அங்கேதான் டீ குடித்தேன். காதில் விழுந்தது, மனதில் ஏறவில்லை. சரக்கிருப்பை அடக்க விலை, நிகர விற்பனை மதிப்பு (விற்றால் செலவு போகக் கையில் நிற்பது) இரண்டில் எது குறைவோ அதில்தான் காட்ட வேண்டும் என்கிறது கணக்கியல் தரநிலை 2. பஞ்சு மாதிரி மூலப்பொருள் என்றால், அதன் விலை இறங்கியது மட்டும் காரணமாகாது. அதிலிருந்து வரும் நூலும் அடக்கத்துக்குக் கீழே போனால்தான் பஞ்சின் மதிப்பைக் குறைக்க வேண்டும். அந்த வருஷம் நிலைமை அதுதான். இந்த விதி முழுவதும் எனக்கு மனப்பாடம். ஆனால் அதைப் பயன்படுத்த வேண்டிய இடத்தில் நிற்கிறேன் என்று தெரியாமலே நின்றிருந்தேன்.

அத்தியாயத்தை முன்கூட்டியே படி என்று மேடம் சொல்வதும், செய்தி படி என்பதும் இரண்டு தனித்தனிச் சுமை என்று நீங்கள் எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். என் அனுபவத்தில் இரண்டும் ஒரே வேலை. விதி தெரியாதவருக்குப் பஞ்சு விலைச் செய்தி வெறும் செய்தி. விலை தெரியாதவருக்கு அந்த விதியால் பிரயோஜனமில்லை.

சத்யத்தை வைத்து ஒரு முறை செய்து பாருங்கள்

பழைய செய்திதான், ஆனால் பழகுவதற்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது. 2009 ஜனவரி 7 அன்று ஐதராபாத் சாஃப்ட்வேர் கம்பெனியான சத்யம் கம்ப்யூட்டர்ஸின் தலைவர் ராமலிங்க ராஜு தன் இயக்குநர் குழுவுக்கு ஒரு கடிதம் எழுதினார். 2008 செப்டம்பர் 30 நிலவர இருப்புநிலைக் குறிப்பில் ரொக்கமும் வங்கி இருப்பும் 5,361 கோடி ரூபாய் என்று காட்டியிருந்தார்கள். அதில் 5,040 கோடி இல்லவே இல்லை என்று ஒப்புக்கொண்டார். இல்லாத டெபாசிட்டுக்கு 376 கோடி வட்டி வேறு சேர்த்திருந்தார்கள். அந்தக் காலாண்டில் செயல்பாட்டு லாபம் வருமானத்தில் 24 சதவீதம் என்று காட்டியதில், உண்மையில் இருந்தது 3 சதவீதம்.

இதைப் படித்துவிட்டு "பெரிய மோசடி" என்று எழுதினால் அது செய்திச் சுருக்கம். வெளியார் உறுதிப்படுத்தல் அத்தியாயத்தைப் படித்தவர் வேறு விதமாக எழுதுவார். வங்கி இருப்பைக் கேட்டு ஆடிட்டர் அனுப்பும் கடிதம் அவர் கையாலேயே வங்கிக்குப் போக வேண்டும். பதிலும் வங்கியிலிருந்து நேரே அவர் கைக்கு வர வேண்டும். இடையில் கம்பெனியின் கை படக்கூடாது. எஸ்.ஏ. 505 என்ற தணிக்கைத் தரநிலை சொல்வதன் உயிர்நாடி இதுதான். சத்யத்தில் இந்தக் கட்டுப்பாட்டைக் கம்பெனியிடமே விட்டுவிட்டார்கள் என்று அமெரிக்க ஒழுங்குமுறை அமைப்புகள் 2011-ல் பிறப்பித்த உத்தரவுகளில் பதிவாகியிருக்கிறது. அடுத்த கேள்வியை நீங்களே கேட்கலாம்: அவ்வளவு டெபாசிட் இருந்தால் வங்கி வட்டி கொடுத்திருக்கும், வட்டியில் வரி பிடித்திருக்கும், அந்தச் சான்றிதழ் எங்கே? இந்த ஒரு கேள்வி போதும், உங்கள் அரைப்பக்கம் நிறைந்துவிடும். ஏஐ எழுதிக் கொடுத்ததில் உங்கள் கேள்வி இல்லை. அதனால்தான் மேடம் கேட்டதும் வார்த்தை வரவில்லை.

புகார் கொடுக்கலாமா?

இன்டர்னல் மதிப்பெண்ணுக்கு என்ன மாதிரி வேலை தருவது என்பது பெரும்பாலும் ஆசிரியரின் பொறுப்பில் விடப்பட்டிருக்கும். செய்தி படித்து எழுதச் சொல்வது சிலபஸுக்கு வெளியே போவதாகாது. நிறுவனத்தையும் அதன் சூழலையும் புரிந்துகொள்வது ஆடிட்டரின் கடமை என்று எஸ்.ஏ. 315 தனியாகவே சொல்கிறது. அந்தச் சூழலை மாணவருக்குக் காட்ட செய்தியைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை. எனவே புகார் நிற்காது. கொடுத்தால் கசப்புதான் மிஞ்சும்.

அதற்காக உங்களுக்கு உரிமையே இல்லை என்று ஆகாது. 10 மதிப்பெண்ணும் எப்படிப் பிரிகிறது, எதற்குக் குறையும், தாமதமானால் என்ன என்பதை முன்கூட்டியே தெரிந்துகொள்ள உங்களுக்கு உரிமை உண்டு. பணிவாக எழுதிக் கேளுங்கள். தமிழ்ச் செய்தியை வைத்து எழுதலாமா என்றும் கேளுங்கள், பெரும்பாலும் ஒப்புக்கொள்வார். நியாயமில்லாமல் மதிப்பெண் குறைக்கிறார், பாரபட்சம் காட்டுகிறார் என்று நாளை ஒரு நிலைமை வந்தால், ஒவ்வொரு கல்வி நிறுவனத்திலும் மாணவர் குறைதீர்க் குழு இருக்க வேண்டும் என்கிறது பல்கலைக்கழக மானியக் குழுவின் 2023 விதிமுறை. அந்தக் கதவை அப்போது தட்டலாம். இப்போது தட்ட வேண்டிய நிலை எதுவும் இல்லை.

பாடத்தை மாற்றும் யோசனையை விட்டுவிடுங்கள். சி.ஏ. இன்டர்மீடியட்டில் ஐந்தாவது தாள் ஆடிட்டிங். ஃபைனலில் மறுபடி மூன்றாவது தாளாக வந்து நிற்கும். இங்கே தப்பித்தால் அங்கே இரண்டு மடங்கு கஷ்டம். பி.காம்.மில் 55 சதவீதம் எடுத்தால் ஃபவுண்டேஷன் எழுதாமல் நேரே இன்டர்மீடியட்டுக்குப் பதிவு செய்யலாம் என்பதால், இந்த இன்டர்னல் பத்து மதிப்பெண்ணும் உங்களுக்கு வேண்டிய மதிப்பெண்தான். மாட்யூல் போதும் என்று அண்ணன் சொன்னது பாதி சரி. மாட்யூலை சி.ஏ. இன்ஸ்டிட்யூட் இணையதளத்திலேயே இலவசமாகப் பதிவிறக்கலாம், கட்டாயம் படியுங்கள். ஆனால் அந்தத் தாளில் 30 சதவீதம், ஒரு சூழ்நிலையைக் கொடுத்துவிட்டுக் கேட்கும் கொள்குறி வினாக்கள். சூழ்நிலையைப் படித்து எங்கே இடிக்கிறது என்று கண்டுபிடிக்கும் பழக்கம் மனப்பாடத்தால் வராது.

ஷேர் டிப்ஸ் சேனலை நான் வணிகச் செய்தியாக எடுத்துக்கொள்ள மாட்டேன். எந்தப் பங்கு ஏறும் என்பது ஆடிட்டருக்கு வேண்டாத கேள்வி. பங்கில் போட வீட்டுப் பணத்தைக் கேட்கும் அளவுக்குப் போயிருந்தால் இன்றைக்கே நிறுத்துங்கள்.

ஆங்கிலத்துக்குப் பயந்தால்

உங்கள் கடிதத்திலேயே எனக்கு அதிகம் வருத்தம் தந்தது, "எனக்கு இங்கிலீஷ் வராது, அதனால் ஆடிட்டிங் வராது" என்ற வரி. இரண்டையும் முடிச்சுப் போடாதீர்கள். செய்தியைத் தமிழில் படியுங்கள். வங்கி, தங்கம், ஜி.எஸ்.டி., கம்பெனி முடிவுகள் எல்லாம் தமிழ் நாளிதழ்களின் வணிகப் பக்கத்தில் வருகின்றன. பஸ்ஸில் போகும் நேரம் இதற்குப் போதும். ஆங்கிலத்தில் தெரிய வேண்டியவை ஒரு நாற்பது, ஐம்பது சொற்கள்தான். அவற்றைப் பொருளோடு ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். சாதாரண ஆங்கிலத்தை நம்பினால் இவை காலை வாரிவிடும். 'குவாலிஃபைட் ஒப்பினியன்' என்றால் தகுதியான, நல்ல அறிக்கை என்று நினைக்கும் மாணவர்களை ஒவ்வொரு வருஷமும் பார்க்கிறேன். ஆட்சேபத்தோடு கூடிய அறிக்கை அது. குறை சொல்லாத அறிக்கைக்குப் பெயர்தான் 'அன்குவாலிஃபைட்'.

அத்தியாயத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை படிக்க உட்காராதீர்கள். முதலில் தலைப்புகள், பிறகு கடைசியில் உள்ள கேள்விகள், அதன்பின் புரியாத இடங்கள். முக்கால் மணி நேரத்தில் முடித்துவிட்டு, வகுப்பில் கேட்க இரண்டு சந்தேகங்களை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். முழுவதும் புரிந்துகொண்டு வா என்று எந்த ஆசிரியரும் எதிர்பார்க்க மாட்டார்.

எந்தச் செய்தியை எடுப்பது? உங்கள் தெருவில் தொடங்குங்கள். நகைக்கடன் வாங்காத வீடு நம் பக்கத்தில் குறைவு. சொந்தச் செலவுக்கான நகைக்கடனுக்கு ரிசர்வ் வங்கி 2025 ஜூனில் புது வரம்பு அறிவித்தது: இரண்டரை லட்சம் வரை நகை மதிப்பில் 85 சதவீதம், ஐந்து லட்சம் வரை 80, அதற்குமேல் 75. கடைசியில் மொத்தமாகக் கட்டும் கடன் என்றால், அதுவரை ஏறும் வட்டியையும் கூட்டித்தான் இந்த விகிதத்தைப் பார்க்க வேண்டும். ஏப்ரல் மாதம் வங்கிக் கிளை ஆடிட்டுக்கு நாங்கள் போனால் பெட்டகத்திலிருந்து சில நகைப் பைகளை எடுத்துப் பார்ப்போம். சீல் உடையாமல் இருக்கிறதா, அட்டையில் உள்ள கடன் எண்ணும் கணக்கில் உள்ளதும் ஒன்றா, கல் எடை கழித்த நிகர எடை எவ்வளவு, மதிப்பீட்டாளர் கையெழுத்து இருக்கிறதா. பழைய கடனை மூடிய அதே நாளில் அதே நகைக்கு, கூடுதல் தொகைக்குப் புதுக் கடன் போட்டிருந்தால் அங்கே நின்று பார்ப்போம்; கட்ட முடியாதவரின் கடனைத் தங்கம் விலையேற்றம் மறைத்துக்கொண்டிருக்கலாம். வீட்டில் அம்மாவிடமோ அப்பத்தாவிடமோ நகைச் சீட்டு இருந்தால் வாங்கிப் பாருங்கள். செய்தியில் படித்த ஒவ்வொரு சொல்லும் அதில் அச்சாகியிருக்கும்.

கொஞ்சம் பழகியபின், ஆடிட்டர் ராஜினாமா செய்தி வந்தால் விடாதீர்கள். பட்டியலிடப்பட்ட கம்பெனி என்றால் காரணத்தோடு பங்குச்சந்தைக்குத் தெரிவிக்க வேண்டும். அந்தக் கடிதம் பங்குச்சந்தைத் தளத்தில் எல்லோரும் பார்க்கக் கிடைக்கும். 'சொந்தக் காரணம்' என்று ஒரே வரியில் முடிகிறதா, கேட்ட தகவல் கிடைக்கவில்லை என்கிறதா என்று பாருங்கள். ஆடிட்டர்களின் வேலையைக் கண்காணிக்கும் தேசிய நிதி அறிக்கை ஆணையம் அவர்கள்மேல் பிறப்பிக்கும் உத்தரவுகளும் அதன் தளத்தில் இருக்கின்றன. நீளமானவைதான், ஆனால் எந்த வேலையைச் செய்யாமல் விட்டார்கள் என்பதை அத்தனை வெளிப்படையாக வேறெங்கும் படிக்க முடியாது.

ஆபீஸில் பார்த்ததை எழுதலாமா?

கூடாது. இதில் எனக்கு இரண்டாவது யோசனையே இல்லை. கிளையண்ட்டின் தகவலை அவர் சம்மதமில்லாமல் வெளியே சொல்வது, பட்டயக் கணக்காளர் சட்டம் 1949-ன் இரண்டாவது அட்டவணைப்படி தொழில் ஒழுங்கீனம். நீங்கள் எழுதும் அரைப்பக்கம், உங்களை நம்பிச் சாவி கொடுத்த ஆடிட்டரின் தொழிலுக்கே கேடாக முடியலாம். பெயர் போடாமல் எழுதுகிறேன் என்பீர்கள். "செக்காலை ரோட்டில் ஒரு பாத்திரக்கடை" என்று எழுதினால் போதாதா, நம் ஊரில் யார் என்று தெரிய? தோழிக்கு வாட்ஸ்அப்பில் ஸ்கிரீன்ஷாட் அனுப்பியிருந்தால் அழித்துவிடச் சொல்லுங்கள். ஆனால் நீங்கள் பார்த்த குளறுபடியை உள்ளுக்குள் வைத்துக்கொள்ளவும் வேண்டாம். சனிக்கிழமை போனதும் உங்கள் ஆடிட்டரிடமே, தனியாக, "சார், இந்த என்ட்ரி எனக்குப் புரியவில்லை" என்று காட்டுங்கள். தவறாக இருந்தால் அவர் பார்த்துக்கொள்வார். சரியாக இருந்தால் ஏன் சரி என்று உங்களுக்கு ஒரு பாடம் கிடைக்கும்.

அந்தப் பூஜ்யத்தைப் பற்றி. திங்கட்கிழமை வகுப்புக்குமுன் மேடத்தைப் பாருங்கள். ஏஐ எழுதியதைக் கொடுத்தேன், தப்புதான், அதே வாரத்துக்கு நானே எழுதித் தர ஒரு வாய்ப்புக் கொடுங்கள் என்று நேரடியாகக் கேளுங்கள். மதிப்பெண் திரும்பக் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். எப்படியும் நகைக்கடன் செய்தியை எழுதி எடுத்துக்கொண்டே போங்கள்.

பரணில் இருக்கும் அந்தப் பேரேட்டையும் தாத்தாவைக் கேட்டு இறக்குங்கள். தாள் நொறுங்கும், பார்த்துப் பிரிக்க வேண்டும். பழைய தமிழ் எண்களில் எழுதியிருந்தால் படிக்கத் தெரிந்த பெரியவர் யாரையாவது பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். 1930-ஐ ஒட்டிய பக்கங்கள் அதில் இருந்தால், யார் யார் பெயரில் வட்டி வரவு எந்த மாதத்தோடு நின்றுபோகிறது என்று தேடிப் பாருங்கள்.